அரை வக்கீலின் தொண்டை

திருப்பூரில் எங்கள் பகுதியில் என்னைத் தமயந்தி என்று யாரும் கூப்பிடுவதில்லை. அரை வக்கீலம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. அரைக் கிறுக்கு என்பது போல அதென்ன அரை? பிறகு பழகிவிட்டது. அரசு கொடுத்த உரிமத்தில் ‘வரையறுத்த சட்ட சேவையர்’ என்று நீளமாகப் போட்டிருக்கிறது. அதை முழுக்கச் சொல்லி முடிப்பதற்குள் பஸ் போய்விடும்.

நான் சட்டக் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. பனியன் கம்பெனி அலுவலகத்தில் ஆட்களின் வருகையும் சம்பளமும் பார்த்துக்கொண்டிருந்தவள். ஏழைகளுக்கு வக்கீல் கிடைப்பதில்லை என்பதை அரசாங்கம் ஒருவழியாகக் கண்டுபிடித்து, அதற்கு இத்தனை காலம் ஆகியிருக்கிறது பாருங்கள், என்னைப் போன்றவர்களுக்குப் பயிற்சி கொடுத்து உட்கார வைத்தது. வீட்டு வாடகை, கூலி பாக்கி, சான்றிதழில் பெயர் திருத்தம், இவற்றை மட்டும் நாங்கள் பார்க்கலாம். குடும்ப வழக்கு, அடிதடி, நிலத் தகராறு பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கக் கூடாது. வக்கீல்கள் அதற்கும் சம்மதிக்கவில்லை. நாளைக்கு இவர்கள் எல்லாவற்றிலும் மூக்கை நுழைப்பார்கள், யார் கண்காணிப்பது என்று கோர்ட்டுக்குப் போகாமல் மறியல் செய்தார்கள். கடைசியில் இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டது என் கழுத்தில் மாட்டியிருக்கிற இந்தப் பட்டைக்குத்தான்.

கனிஷ்கா முதல் தடவை என்னிடம் வந்தபோது கேட்டதும் அதைப் பற்றித்தான். தையல் மிஷினில் வேலை பார்க்கிற பெண், இருபத்தைந்து இருக்கும். இடுப்பில் நாலு வயசு மகள் இனியா. அந்தக் குட்டி வந்ததும் வராததுமாக என் கழுத்தைத் தொடக் கையை நீட்டியது.

“தொடக்கூடாது பாப்பா. கழுத்துல அது என்னங்க்கா?”

“என்னோட கடிவாளம்.”

“வலிக்குமுங்களா?”

“வலிக்காது அம்மிணி. நான் பேசறதக் கேட்டுட்டே இருக்கும். எனக்கு அனுமதி இல்லாத விஷயத்துல யோசனை சொல்லப் போனேன்னு வெய்யி, மொதல்ல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். அப்பவும் நிறுத்தலைன்னா தொண்டை நரம்பப் புடிச்சுக்கும். வாய் அசையும், சத்தம் வராது.”

“ஊட்டுக்குப் போனா கழட்டிருவீங்களா?”

“குளிக்கறப்பக்கூடக் கழட்ட முடியாது. கழட்டுனா உரிமம் போச்சு.”

அவள் கொஞ்ச நேரம் பட்டையையே பார்த்தாள். “எங்க மாமியாருக்கு ஒண்ணு வாங்கிப் போடலாமுங்களா?” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துப்போனதும் அப்போதுதான்.

அவள் கொண்டுவந்த பிரச்சினை சின்னது. புருஷன் அவளை விட்டு உடுமலையில் அம்மா வீட்டில் போய் இருக்கிறான். ஆம்பளை இல்லாத குடும்பத்துக்கு வாடகைக்குத் தர மாட்டேன், காலி பண்ணு என்று வீட்டுக்காரர் குதிக்கிறாராம். எனக்கு வெல்லக்கட்டி மாதிரி வழக்கு. அங்கேயே அவருக்குப் போன் போட்டேன். முறையாக நோட்டீஸ் கொடுக்காமல், அவகாசம் தராமல் யாரையும் வெளியேற்ற முடியாது, புருஷன் இல்லை என்பதெல்லாம் காரணமே ஆகாது என்று எடுத்துச் சொன்னேன். பட்டை சமத்தாக இருந்தது. வீட்டுக்காரர் முனகிக்கொண்டே போனை வைத்தார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கனிஷ்கா எழுந்து வாசல் வரை போய்விட்டுத் திரும்பினாள்.

“இன்னொண்ணுங்க்கா. எம் புருஷன் பாப்பா தனக்குத்தான் வேணும்னு கோர்ட்டுல கேஸ் போட்டுட்டாருங்க. அவிய அம்மாகிட்ட வளரட்டுமாமா. வர்ற செவ்வாக்கெழம வரச் சொல்லிப் போன்ல சம்மன் வந்துச்சு. நான் போகப்போறதில்லீங்க. போனா அங்கயே பாப்பாவப் புடுங்கிக்குவாங்கன்னு கம்பெனியில எல்லாரும் சொல்றாங்க.”

போகவில்லை என்றால் எதிராளி சொல்வதுதான் நிற்கும். குழந்தை அவன் பக்கம் போய்விடும். போய் நின்று எனக்கு வக்கீல் இல்லை, அவகாசம் கொடுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாரும் அன்றைக்கே குழந்தையைப் பிடுங்க மாட்டார்கள். இதைக் கீழே டீ ஆற்றுகிற அண்ணன் சொல்லலாம். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிறவர் சொல்லலாம். பயிற்சி எடுத்து, பரீட்சை எழுதி, உரிமம் வாங்கிய நான் மட்டும் சொல்லக்கூடாது.

“கண்ணு, நீ அன்னிக்குக் கண்டிப்பா—”

எறும்பு ஊர்ந்தது. நான் நிறுத்தவில்லை. உடனே தொண்டை கவ்விக்கொண்டது. வாய் மட்டும் மீன் மாதிரி திறந்து மூடியது. கனிஷ்கா பயந்துபோய் என் முதுகைத் தடவினாள். எழுதிக் காட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் அறையில் கேமரா உண்டு. அனுமதி இல்லாத விஷயத்தை எழுதிக் கொடுத்தால் அது தனிக் குற்றம், உள்ளே தூக்கி வைத்துவிடுவார்கள்.

குரல் திரும்பியதும் கேட்டேன். “இலவச வக்கீலுக்குச் சொல்லி வெச்சிருக்கியா?” கேள்விக்கு அது தடை சொல்லாது.

“சொல்லியிருக்கனுங். நம்ம முறை வர ரெண்டு மாசம் ஆகும்னாங்க.”

இந்த மாதிரி நேரத்துக்கு எங்களிடம் ஒரு வழி உண்டு. பயிற்சிக் காலத்தில் அவிநாசி அரங்கசாமி அண்ணன்தான் டீ குடிக்கும்போது சொல்லிக் கொடுத்தார். “யோசனை சொன்னாத்தானுங்க புடிக்கும்? ஊர்க்கதை பேசுங்க. நம்மூர்ச் சனம் பேசற ஊர்க்கதையில எது யோசனை, எது புறணின்னு எந்த மிஷினுக்கும் தெரியாதுங்.” அது உண்மைதான். அன்றிலிருந்து அரை வக்கீல்கள் எல்லோருக்கும் கற்பனையில் ஒரு சொந்தம் முளைத்தது. அரங்கசாமி அண்ணனுக்கு ஒரு மச்சான். எனக்கு ஒரு சித்தி மகள். அவள் படாத பாடு கிடையாது. என் சித்திக்கு இருப்பது இரண்டும் பையன்கள்.

ஆனால் வெறும் விஷயத்தை மட்டும் சொன்னால் பட்டை விழித்துக்கொள்ளும். கட்டியிருந்த புடவை, வைத்த குழம்பு, அழுத அழுகை என்று நடுவில் நிறையச் சேர்க்க வேண்டும். கேட்கிறவர்கள் எது சோறு, எது ஊறுகாய் என்று தாங்களே பிரித்துக்கொள்வார்கள். அதுவரை எல்லோரும் பிரித்துத்தான் இருந்தார்கள்.

“உக்காரு” என்றேன். “என் சித்தி மக ஒருத்தி இருக்கா. அவளுக்கும் இதே கதைதான். புருஷன் சரியில்ல. மாமியார் அதுக்கும் மேல.”

கனிஷ்கா உட்கார்ந்தாள். இனியா அவள் மடியில் சாய்ந்து வாயில் விரலை வைத்துக்கொண்டது.

“அவளுக்கும் சம்மன் வந்துச்சு. ஒரு நாள் முழுக்க அழுதா. புளிக்கொழம்பு வெச்சா, அதையும் திங்கல. அப்பறம் மூஞ்சியக் கழுவிட்டு, அந்தத் தேதியன்னிக்கு நேரா—”

எறும்பு. இன்னொரு சொல் சொன்னால் கவ்விக்கொள்ளும். சட்டென்று வேறு பக்கம் திருப்ப வேண்டும். எனக்கு அனுமதி இருக்கிற விஷயமாக இருந்தால் பட்டை உடனே அடங்கும். அந்த அவசரத்தில் வாய்க்கு வந்தது வீடுதான்.

“—நேரா வேற வீடு பாத்துட்டுப் போயிட்டா. பல்லடம் பக்கம். வாசல்ல முருங்க மரம், நல்ல தண்ணி. ஒருத்தருக்கும் மூச்சு விடல. பாப்பாவத் தூக்கிட்டுச் சொல்லாமக் கொள்ளாமக் கெளம்பிட்டா.”

பட்டை அடங்கியது. மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி கோர்ட்டுப் பக்கம் கதையைத் திருப்பினேன். மறுபடி எறும்பு. மறுபடி முருங்கை மரத்துக்கு ஓடினேன். அந்தச் செவ்வாய்க்கிழமையை என்னால் தாண்டவே முடியவில்லை. வெளியே ஆட்கள் கதவைத் தட்டினார்கள்.

“கடைசியில பாப்பா அவகிட்டயேதான் இருக்குது” என்று முடித்துவிட்டேன்.

கனிஷ்காவின் முகம் தெளிந்திருந்தது. “புரிஞ்சுதுங்க்கா” என்றாள். நான் விழுங்கியது எது என்று அவளுக்குப் புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். நினைக்க வசதியாக இருந்தது, நினைத்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் எனக்குச் சோறு இறங்கவில்லை. நர்சிங் படிக்கிற என் மகள் ஏம்மா உம்மென்று இருக்கிறாய் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். மறுநாளும் அந்தப் புரிஞ்சுதுங்க்கா காதிலேயே நின்றது. போன் போட்டேன், அணைத்து வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே போனேன். பூட்டியிருந்தது. வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் பொரிந்து தள்ளினார்.

“நீங்கதானம்மா காலி பண்ணச் சொல்லக் கூடாதுன்னு சட்டம் பேசுனீங்க? அவளே சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டா. சாவியக்கூடப் பக்கத்து வீட்டுலதான் குடுத்துட்டுப் போயிருக்கறா.”

சொல்லாமக் கொள்ளாம. என் வாயிலிருந்து வந்த அதே வார்த்தை.

திங்கட்கிழமை அலுவலகத்தைப் பூட்டிவிட்டுப் பல்லடம் போனேன். எந்தத் தெரு, எந்த வீடு என்று எனக்கு என்ன தெரியும்? வாசலில் முருங்கை மரம் இருக்கிற வீடாகப் பார்த்துக் கதவைத் தட்டினேன். நான் அளந்த கதையில் வந்த மரத்தை நானே வெயிலில் தேடி அலைந்தேன். யாரைத் தேடறீங்க என்று கேட்டவர்களிடம் என் சித்தி மகளை என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது?

செவ்வாய்க்கிழமை குடும்ப நீதிமன்ற வாசலில் போய் நின்றேன். அவள் எப்படியாவது வந்துவிட மாட்டாளா என்று ஒவ்வொரு ஆட்டோவாகப் பார்த்தேன். நேரமானதும் உள்ளே போய் உட்கார்ந்தேன். அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். திரும்பவும் கூப்பிட்டார்கள். வரவில்லை. வீட்டைக் காலி செய்துகொண்டு குழந்தையோடு தலைமறைவாகிவிட்டாள் என்று புருஷனுடைய வக்கீல் அழகாகச் சொன்னார். குழந்தையைக் கண்டுபிடித்துத் தகப்பனிடம் ஒப்படைக்க உத்தரவானது. என் கண் முன்னால்தான் நடந்தது. நான் யார் என்று கேட்டால் சொல்ல எனக்கு வாய் இல்லை.

கனிஷ்கா என்னைத் தேடி வந்தபோது இடுப்பு காலியாக இருந்தது. அழக்கூட இல்லை. வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“பாப்பா சாப்பிட்டுட்டு இருந்துச்சுங்க. போலீஸும் ஒரு மேடமும் வந்தாங்க. கையக் கழுவக்கூட விடல. பருக்கையோட தூக்கிட்டுப் போயிட்டாங்க.” மடியைத் தட்டிவிட்டுக்கொண்டாள். “உங்க சித்தி மக பண்ணுன மாதிரியேதானுங்க்கா பண்ணுனேன். முருங்க மரம் இருக்கற வீடாத் தேடித்தான் புடிச்சேன். எங்க தப்புப் பண்ணுனேன்னு தெரியலீங்க.”

நான் அவள் காலில் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒருவழியாக அவளுக்கு இலவச வக்கீல் கிடைத்தார். எபநேசர் என்று சின்ன வயசுப் பையன், நல்ல மாதிரி. என் அலுவலகத்துக்கே இரண்டு பேரும் வந்தார்கள்.

“வேணும்னே குழந்தைய ஒளிச்சாங்கன்னு கோர்ட் நெனைக்குது மேடம். அதுதான் இவங்களுக்கு எதிரா நிக்குது” என்றார். “யாரோ வழி காட்டினாங்க, அத நம்பிப் போனாங்கன்னு வந்துட்டா விஷயமே வேற. ஜட்ஜம்மா நியாயமானவங்க. குழந்தைய இவங்ககிட்டயே திருப்பி விட்டுட்டு வழக்க நடத்தலாம்னு சொல்லிடுவாங்க. ஆனா அத இவங்க சொன்னா எடுபடாது, சொன்ன ஆள் வரணும். யாருன்னு கேட்டா இவங்க வாயத் தொறக்க மாட்டேங்கறாங்க.”

கனிஷ்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் காட்டிக்கொடுக்காமல் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கையை நெஞ்சில் வைத்துத் தலையாட்டினேன்.

எபநேசர் பட்டையைப் பார்த்தார். “உங்க உரிமம் போயிடும் மேடம். கேஸும் வரும். வந்து சொல்வீங்களா?”

தலையாட்டினேன்.

“அது உங்கள விடுமா?”

கையை விரித்தேன். எனக்கே அப்போது தெரியாது.

வழக்கு நாளன்று காலையில் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். “நான்தான் சொன்னேன். கதையா சொன்னேன். அந்தக் கதையில வந்தவ யாரும் இல்ல. இந்தப் பொண்ணு மேல தப்பில்ல.” எறும்பு ஊரவில்லை. குரல் கணீரென்று வந்தது. நடந்ததைச் சொல்வது யோசனை ஆகாது போலிருக்கிறது. இன்னொரு தடவை சொன்னேன், வந்தது. அப்பாடா என்று இருந்தது. சாமி கும்பிட்டுவிட்டுக் கிளம்பினேன்.

கோர்ட்டில் கூட்டம் அதிகமில்லை. புருஷன், அவன் அம்மா, அந்த அம்மாள் மடியில் இனியா. புதுச் சட்டை போட்டுவிட்டிருந்தார்கள். கனிஷ்காவைப் பார்த்ததும் குதித்து இறங்கப் பார்த்தது, பாட்டி இழுத்து உட்கார வைத்தாள். கனிஷ்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். என் பெயரைக் கூப்பிட்டபோதுதான் விட்டாள்.

கூண்டில் ஏறினேன். நீதிபதி அம்மா என்னை விட வயதில் சின்னவர். நிதானமாகக் கேட்டார்.

“பயப்படாம சொல்லுங்கம்மா. வீட்ட மாத்திட்டுப் போன்னு இந்தப் பொண்ணுக்கு வழி சொன்னது நீங்களா?”

வாயைத் திறந்தேன்.

எதிரே புருஷனுடைய வக்கீல் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் ஆமாம் என்றதும் அவர் செய்யப்போவது என்ன என்று எனக்குத் தெரியும். என் மகள் படிப்பு, வெள்ளிக்கிழமை வரவிருக்கிற சாயப்பட்டறைப் பெண்களின் கூலி வழக்கு, எங்கள் அரை வக்கீல்கள் அத்தனை பேரின் பிழைப்பு, இதெல்லாம் யோசித்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். பிறகு நானாகச் சேர்த்துக்கொண்ட காரணங்கள் அவை. அந்த நேரத்தில் பயம் மட்டும்தான் இருந்தது. ஜெயில் என்ற ஒரே நினைப்பு. வாய் திறந்தது, உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

எறும்பு ஊரவில்லை. பட்டை அதன் பாட்டுக்குச் சும்மா கிடந்தது.

“ஜட்ஜம்மா, அந்தப் பட்டைங்க” என்று கனிஷ்கா பின்னாலிருந்து எழுந்தாள். “அது அக்காவப் பேச விட மாட்டேங்குதுங்க. அன்னிக்கும் இப்படித்தானுங்க ஆச்சு.”

எல்லோரும் என் கழுத்தைப் பார்த்தார்கள். நீதிபதியின் முகம் இளகியது.

“பாவம். எழுதித் தர முடியுமாம்மா உங்களால?”

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்துவிட்டார். “மன்னிக்கணும் மேடம். கருவி நிறுத்திடுச்சுன்னா இவங்க சொல்ல வர்றது அனுமதிக்கு வெளியன்னு அர்த்தம். வாயால வர முடியாதத எழுத்தா வாங்கறதும் அதே மீறல்தான். கருவிய நம்பித்தான் இந்தச் சட்டமே வந்துச்சு.”

எபநேசர் என்னவோ வாதாடினார். நீதிபதி இரண்டு பேரையும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். அந்தக் கொஞ்ச நேரமும் எனக்காகத்தான் இருந்தது. பட்டை இல்லைம்மா, நான்தான் என்று சொல்லியிருக்கலாம். மூச்சு விடுகிற நேரம் போதும்.

“சரி, நீங்க இறங்கலாம்” என்றார்.

இறங்கினேன்.

குழந்தை இப்போதைக்குத் தகப்பன் வீட்டிலேயே இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை தாய் போய்ப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு அடுத்த வழக்கை எடுத்தார்கள். வெளியே நடையில் இனியாவைத் தூக்கிக்கொண்டு பாட்டி எங்களைக் கடந்து போனாள். குழந்தை அவள் தோள் மேலாக எட்டிப் பார்த்து, “அம்மா, நீ வல்லியா?” என்று கேட்டது. “ஞாயித்துக்கெழம வர்றேன் சாமி” என்றாள் கனிஷ்கா. படியில் இறங்கி மறைகிற வரை கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

பிறகு என் பக்கத்தில் பெஞ்சில் வந்து உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.

“குடிங்க்கா. நீங்க எம்புட்டுத் தவிச்சீங்கன்னு நான் பாத்துட்டுத்தானுங்க இருந்தேன். எனக்காகச் சொல்லோணும்னு வந்தீங்க. அந்தச் சனியன் விடல, நீங்க என்ன பண்ணுவீங்க? இன்னும் புடிச்சுட்டேதான் இருக்குதுங்களா?”

நான் கழுத்தைத் தொட்டுக் காட்டி, ஆமாம் என்று தலையாட்டினேன்.